அரை வோல்ட்டில் ஒரு நடுக்கம்

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வீடு சிதம்பரத்தில், பள்ளிக்கூடம் கடலூரில். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து முழங்கால் இரண்டும் முறையிட ஆரம்பித்த பிறகு, பழைய கார் ஒன்றை வாங்கினேன். என் பெயரில் பதிவான முதல் பொருள் அதுதான். வீட்டுப் பத்திரத்தில்கூட என் பெயர் கிடையாது.

அந்தக் கார் இந்த மழைக்காலத்தில் என் மானத்தை வாங்க ஆரம்பித்தது. ஓடும்வரை ஒன்றும் இல்லை, நின்றால்தான் வினை. சிக்னலில் காலை எடுத்ததும் இன்ஜின் உதறும். சத்தம் ஏறும், இறங்கும், இருமும், கடைசியில் அணைந்துவிடும். மஞ்சக்குப்பத்தில் ஒரு நாள் பச்சை விழுந்தும் நகர முடியாமல் நின்றேன். பின்னால் வந்த பைக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும், இதற்கு மேல் விசாரிக்க ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் துரத்திக்கொண்டு போயிருப்பேன். வண்டிதான் கிளம்பவில்லை.

வீட்டிலும் அதே தீர்ப்புதான். என் கணவர் குமராட்சிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மீசை முளைக்கும் முன்பே டிராக்டர் ஓட்டியவர் என்பதால் உலகத்து இன்ஜின் எல்லாம் தனக்குச் சொந்தக்காரர்கள் என்று ஒரு நினைப்பு. நான் பாதியில் காலை எடுக்கிறேன், பாதியில் வைக்கிறேன், அதனால்தான் வண்டி குழம்புகிறது என்பது அவர் கட்சி. காலே வைக்கவில்லை என்று நான் சொன்னால் சிரிப்பார். அவர் ஓட்டும்போது வண்டி அணைவதே இல்லை, அதுதான் என்னை ஜாஸ்தி எரித்தது. மெக்கானிக் பிளக்கை மாற்றினார், காற்று போகும் வழியைச் சுத்தம் செய்தார். கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்துவிட்டு, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

பேச்சு வளர்ந்து வளர்ந்து வண்டியை விற்பதில் வந்து நின்றது. புவனகிரியில் இருக்கும் அவருடைய அக்கா கணவருக்குக் கார் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கச் சொல்லியிருப்பதாகச் சாப்பிடும்போது சொன்னார். என்னைக் கேட்கவில்லை, சொன்னார். மறுபடி பஸ்ஸில் நிற்பதுகூடப் பரவாயில்லை. ஓட்டத் தெரியாதவள் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கி வேறு இடத்தில் கொடுத்தார்கள் என்று சொந்தம் முழுக்கப் பேசுமே, அதுதான் சோற்றை இறங்கவிடவில்லை.

மறுநாள் பள்ளி ஆய்வகத்தில் பிள்ளைகள் மின்னழுத்தமானி வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். நீளக் கம்பியில் மின்சாரம் ஓடும். அதன்மேல் ஒரு முனையை நகர்த்திக்கொண்டே போனால், தொடுகிற இடத்துக்குத் தக்கபடி வோல்ட் மாறும். இத்தனை வருஷமாக நான் நடத்துகிற பாடம், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். மத்தியானம் சோற்றுக் கிண்ணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வண்டி ஏன் இப்படி உதறுகிறது என்று போனில் தேடிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல த்ராட்டில் சென்சார் என்று ஒன்று இருக்கிறதாம். அதைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். உள்ளே வளைந்த ஒரு பட்டை, அதன்மேல் நகரும் ஒரு முனை, மூன்று கம்பி. அவ்வளவுதான்.

வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்துவிட்டேன். என் மேஜைமேல் கிடக்கிற அதே சோதனை, சுண்டுவிரல் நீளத்துக்குள் சுருண்டு, தினமும் என்னைக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சுமந்துகொண்டிருக்கிறது. நான் அதன் எதிரில்தான் உட்கார்ந்து போய்வந்திருக்கிறேன். 

தலைமை ஆசிரியையிடம் கேட்டு மல்டிமீட்டரை வாங்கி வந்தேன். எண் காட்டும் புது மீட்டர் இல்லை, முள் ஆடும் பழையது. எண் தாவிப் போய்விடும், முள்தான் தயக்கத்தைக் காட்டும். ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்வந்த புடவையோடு பானெட்டைத் திறந்தேன். கணவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். சாவியைப் பாதி திருகி, இன்ஜினைக் கிளப்பாமல், நான் சொல்லும்போது மட்டும் மிதிக்க வேண்டும் என்றேன். புவனகிரி மாமா வருவதற்குள் இது என்ன வேடிக்கை என்று முணுமுணுத்தாலும் உட்கார்ந்தார்.

மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியில் மாட்டினேன். சிவப்பு முனையை சென்சாரின் செருகிக்குள் விட இடம் இல்லை. தோளில் முந்தானையைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றி, கம்பியை ஒட்டிப் பின்பக்கமாக மெல்ல நுழைத்து, அதன்மேல் முனையை வைத்தேன்.

மெதுவாக மிதிக்கச் சொன்னேன். முள் எழுந்தது. அரை வோல்ட்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று வழுக்கிக்கொண்டு நாலரை வரை ஏறியது. அவர் கால் நடுவில் கொஞ்சம் தயங்கியது, முள்ளும் தயங்கியது. திறந்த பானெட்டுக்கு அந்தப் பக்கம் என் கண்ணுக்குத் தெரியாத ஒரு மனிதரின் பாதம், இங்கே என் உள்ளங்கையில் நடந்துகொண்டிருந்தது. கோபம், விற்பனை, புவனகிரி எல்லாம் மறந்துபோய் இன்னொரு முறை மிதிக்கச் சொன்னேன். பிறகு இன்னொரு முறை. சோதனைக்காக இல்லை, பார்க்கத்தான்.

"சரி, கால எடுங்க" என்றேன்.

முள் இறங்கி அரைக்கு வந்தது. ஆனால் அங்கே உட்காரவில்லை. நடுங்கியது. சைபருக்கு விழுந்தது, ஒன்றுக்குத் துள்ளியது, மறுபடி விழுந்தது.

"கால ஆட்டாதீங்க."

"ஆட்டலையே."

"ஆட்டுறீங்க. இங்க தெரியுது."

"நான் கால் வைக்கவே இல்லடி. வந்து பாரு, தரையில கெடக்கு."

அந்தக் குரலின் கோபம் எனக்கு நன்றாகப் பழக்கமானது. என்னுடைய கோபம் அது. இந்த மழைக்காலம் முழுக்க நான் சொன்னதை, நான் சொன்ன அதே எரிச்சலோடு அவர் சொன்னார். சொன்னவருக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து இறங்கி வந்தார். இருக்கையில் ஆளே இல்லாதபோதும் முள் துள்ளிக்கொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் கால் வைக்காத நேரத்தில் யாரோ மிதிப்பதாக வண்டி நம்பியிருக்கிறது. நம்பி பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது, ஏமாந்து குறைத்திருக்கிறது, குழம்பி அணைந்திருக்கிறது. அவர் சிக்னலில் நிற்கும்போதும் டிராக்டர் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே வைத்திருப்பார். அதனால் இந்த அரை வோல்ட் பக்கமே அவர் வந்ததில்லை.

சாவியை அணைத்துவிட்டுச் செருகியைப் பிடுங்கினேன். ஓரத்து ரப்பர் எப்போதோ போயிருந்தது. உள்ளே காய்ந்த மஞ்சள் பொருக்கு, நடுவில் சிவப்பு, ஒரு பித்தளை முனையில் பச்சைக் களிம்பு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜை அன்று அவர்தான் பானெட்டைத் திறந்து, ஹோஸ் பைப்பால் இன்ஜினைக் குளிப்பாட்டி, குமராட்சி வீட்டு டிராக்டருக்கு வைக்கிற மாதிரியே கண்ணில் பட்ட ஒவ்வொரு பாகத்துக்கும் கெட்டியாகச் சந்தனம் குங்குமம் வைத்தார். டிராக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுவோ அரை வோல்ட்டைக் கேட்டு நடக்கிற பிராணி. பூசணிக்காய் உடைத்து எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டிக்கு எதுவும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட நாளில்தான் அது வந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பழைய டூத் பிரஷ்ஷையும் ஸ்பிரிட்டையும் அவரே எடுத்து வந்தார். துடைத்து, ஊதி, காயவைத்து மாட்டினோம். மறுபடி ஊக்கை நுழைத்து, சாவியைப் பாதி திருகியதும் முள் அரையில் போய் உட்கார்ந்தது, ஈ உட்கார்ந்த மாதிரி. நான் ஏறி இன்ஜினைக் கிளப்பி, காலை முழுக்க எடுத்து, தரையில் வைத்தேன். வண்டி உதறவே இல்லை. ஓடுகிறதா என்ற சந்தேகத்தில் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஓடியது. கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

இறங்கி வந்தபோது அவர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"வர வேணாம் மாமா. வண்டி தரதுக்கில்ல. இல்ல மாமா, அவ சரியாத்தான் ஓட்டியிருக்கா. நாந்தான் சந்தனத்த வச்சிக் கெடுத்திருக்கேன்."

அந்தப் பக்கம் மாமா சிரிப்பது எனக்கே கேட்டது. இவர் சிரிக்கவில்லை. நான் மீட்டரை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். முந்தானை தோளிலிருந்து நழுவி இறங்கியது. ஊக்கு இன்னும் அந்தச் செருகியிலேயே குத்தியிருந்தது.