எழுப்பாதே என்றேன்

போன வாரம் தென்காசியில் ஒரு பஸ் டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எனக்கு நாலெட்டு முன்னால் நடந்த சிறுமியோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடிப்போய் இழுத்தேன்.

"காது என்ன செவிடா?" என்று கத்தினார் டிரைவர்.

ஆமாம், செவிடுதான். என் தங்கை மகள். அதில் எனக்கும் பங்கு உண்டு...

நாலு வருஷத்துக்கு முந்திய சீசன். சுரண்டையிலிருந்து தங்கை குடும்பம் வந்து குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் காலை பார்க்கப் போனேன்.

"கை காலெல்லாம் சில்லுன்னு இருக்கு, நெஞ்சு மட்டும் கொதிக்கு. தண்ணி குடிக்க மாட்டேங்கா. கூப்பிட்டாலும் முழிக்க மாட்டேங்காண்ணே" என்றாள் தங்கை.

சாரல் காற்று பட்டாலே உடம்பு தேறிவிடும் என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிக்கிற ஆள் நான். விடுவேனா?

"கை சாரலுக்குச் சில்லுன்னு இருக்கு. நெஞ்சு போர்வைக்குள்ள கெடக்கு, சுடத்தானே செய்யும்? காய்ச்சல் விட்டுட்டுது, ஏட்டி. ரெண்டு நாளா உறங்காத பிள்ளை இப்பதான் உறங்குது... எழுப்பாதே!"

அதோடு விட்டேனா? தெருவில் பலாப்பழம் கூவி விற்றவரை அதட்டினேன். பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். தங்கை வாய் திறந்தபோதும் 'உஸ்' என்றேன்.

மதியம் வலிப்பு வந்தது. டாக்ஸி பிடித்துத் தென்காசிக்கு ஓடினோம். டாக்டர் பிள்ளையின் கழுத்தை வளைத்துப் பார்த்தார். வளையவில்லை.

"பிள்ளை காலையில இருந்து உறங்குது சார்" என்றேன்.

"எழுப்பி எழும்பலைன்னா அது உறக்கம் இல்ல, வே! கை காலு சில்லிட்டு நெஞ்சு கொதிச்சா காய்ச்சல் விட்டுட்டுன்னு எவன் சொன்னான்? இதுல ஒண்ணைக் கண்டாலும் அப்பவே தூக்கிட்டு ஓடியாரண்டாமா?"

சொன்னவன் நான், அவர் எதிரிலேயே நின்றேன். 

மூளைக்காய்ச்சல். ஊசி மேல் ஊசி போட்டு உயிரைப் பிடித்து வைத்தார்கள். காதுகள் போய்விட்டன. "காலையிலேயே வந்திருந்தா?" என்று பிறகொரு நாள் கேட்டேன். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பெற்றவளுக்கு அன்றே தெரிந்திருந்தது. ஆனால் அண்ணன், படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன் சொல்கிறானே என்று பேசாமல் இருந்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்தில் என்னைப்போல் ஒரு மேதாவி உட்கார்ந்திருப்பான். முதலில் அவனை வெளியே அனுப்புங்கள். பிள்ளையை எழுப்பிப் பாருங்கள்.

சத்தம் போடாதீர்கள் என்று அன்று தெருவையே அடக்கினேன். என் தங்கை மகளுக்கு அது இன்றும் அடங்கித்தான் கிடக்கிறது.