ஜமீலாக்கா கெடவிடாத வாஷிங்மெஷின்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சவுதியில் இருக்கும் பஷீர் அவர்களின் மனைவி ஜமீலா பீவி மவுத்தாகிவிட்டார்கள் என்றார்கள். திருக்காட்டுப்பள்ளியில் இன்னொரு பஷீர், இன்னொரு ஜமீலா இருக்கமாட்டார்களா என்று நினைத்து அடுத்த துணியை உதறினேன். பக்கத்து வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. காலைத் தொழுகை முடித்து உட்கார்ந்த அக்கா அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. முந்தின நாள் மாலைதான் மதில் மேல் கையை நீட்டி, "என் ஸ்குரூ டிரைவர் எங்கடி? குடுத்தா திருப்பிக் குடுக்கணும்னு தெரியாதா?" என்று சத்தம் போட்டு வாங்கிப் போனார். சத்தம் போட்ட வாய் பன்னிரண்டு மணி நேரத்தில் மூடிக்கொள்ளுமா?

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் கை வேலையும் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு மெஷின் ஒருமுறை தண்ணீரைத் தேக்கவே இல்லை. ஊற்ற ஊற்ற ஓடியது. மோட்டார் போய்விட்டது என்று நான் புலம்பினேன். அக்கா வந்தார். "முதல்ல பிளக்கைப் புடுங்கு. அப்புறம் கோவத்தைப் புடுங்கு. ரெண்டுல எது இருந்தாலும் மெஷின்ல கை வைக்காதே" என்றார். தண்ணீர் வெளியேறும் வழியிலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றினார். அழுக்குப் பஞ்சுக்குள் நெல்மணிகள், இரண்டு முளைவிட்டிருந்தன. விதைநெல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பையில் போடுவது என் வீட்டுக்காரரின் வழக்கம். "நாத்தங்கால் போதலன்னு மெஷின்லயும் விதைச்சிட்டாரா?" என்று அக்கா சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மெக்கானிக்கைக் கூப்பிடாமல் ஏன் இவ்வளவு பாடு என்று அன்றுதான் கேட்டேன். அவர் வீட்டு மெஷின், பஷீர் அண்ணன் ஒரு விடுப்பில் தஞ்சாவூரில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. "மெக்கானிக் வந்தா இது தேறாதும்பான். அவுங்க காதுல விழுந்தா, புதுசா வாங்கிக்க, நான் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வர்றேம்பாங்க. முதல்ல வீடு கட்டணும்னு இருந்தாங்க, அப்புறம் மகள் கல்யாணம்னு இருந்தாங்க. ஒரு மெஷினுக்காகவும் இருக்கணுமா? எனக்கு மெஷின் வேணாம் செல்வி, ஆளு வேணும்."

கடைத்தெரு போன் பூத்துக்கு அவரோடு நான் போன காலம் அது. ஒருநாள் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அந்தக் கையால் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லா ஓடுதுங்க. நீங்க எப்ப வர்றீங்க?" என்றார். பூத்துக்காரர் அப்புறம் ரிசீவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அண்ணன் ஒரேயடியாக வருகிறார் என்று முடிவானது. "இனிமே எது கெட்டாலும் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாம்டி" என்று தெருவெல்லாம் சொன்னார். அண்ணன் வர ஒரு வாரம்தான் இருந்தது. சொன்னவருக்கு அதுவரை கைகட்டி இருக்க முடியவில்லை. மெஷின் சத்தம் போடுகிறது, அண்ணன் வந்ததும் அவர் துணியைத் துவைக்க வேண்டும் என்றுதான் அன்று ஸ்குரூ டிரைவரைக் கேட்டார்.

அண்ணன் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கூட்டம் கலைந்தபின் டீ கொண்டுபோனேன். அண்ணன் கொல்லையில், பின்மூடி கழன்று கிடந்த மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய கட்டுகள், தைத்த பெல்ட், எந்த மெஷினிலிருந்தோ எடுத்த சக்கரம்.

"இது ஒருநாளும் மக்கர் பண்ணலன்னு அங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவேம்மா. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா என்னிடம் சொன்ன காரணத்தைச் சொன்னேன். அவர் அந்தக் கட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டீ ஆறிப்போனது. படைத்தவனிடம் எனக்குக் கோபம்தான். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

பிளக் பிடுங்கியிருந்ததா என்று பார்த்தேன். அக்கா பிடுங்கித்தான் வைத்திருந்தார். பக்கத்தில் கிடந்த அவர் ஸ்குரூ டிரைவரால் தளர்ந்திருந்த திருகை இறுக்கி, பின்மூடியை மாட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஓட்டினேன்.

"ஓடுதாம்மா?" என்றார்.

"நல்லா ஓடுதுண்ணே."

ஸ்குரூ டிரைவரை என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சமையலறை ஜன்னலில் இருக்கிறது. மதில் பக்கம் போகும்போதெல்லாம் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறேன், அக்கா திருப்பிக் கேட்டுவிடுவார் என்று.