ஜிஎல்-5உம் என் மனைவியின் இடது காலும்

பாளையங்கோட்டையில் கியர்பாக்ஸ் கோளாறு என்று யாரிடம் சொன்னாலும் என் பட்டறைக்குத்தான் வழி காட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட நான் என் சொந்தக் காரின் கியர்பாக்ஸில் தப்பான ஆயிலை ஊற்றினேன். தெரியாமல் அல்ல; டப்பாவில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு ஊற்றினேன். அதோடு நிற்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் பழியை என் மனைவியின் இடது காலின் மேல் போட்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். மனைவி எழுதச் சொன்னாள் என்பது இரண்டாவது காரணம்.

1. கார்கோ பெட்டியில் வந்த மரியாதை

மேலப்பாளையம் சாதிக் பாய் என் பழைய வாடிக்கையாளர். வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். அவர் அனுப்பும் கார்கோ பெட்டியில் மற்றவர்களுக்கு சென்ட், கம்பளி, பேரீச்சம்பழம் வரும். எனக்குக் கியர் ஆயில் வந்தது. போனில் சொன்னார்:

“அண்ணாச்சி, ஒமக்கு சென்ட் தந்தா அடிக்கவா போறீரு? இது ரேஸ் வண்டிக்கு ஊத்துத சாமான். அங்கன பெரிய பெரிய ஆளுவ ஊத்துதது.”

தங்க நிற டப்பாக்கள். மேலே ஆயிலின் ரகம் ஜிஎல்-5 என்று இருந்தது. என் காரின் மேனுவலில் ஜிஎல்-4 என்று இருக்கிறது. எதை ஊற்றலாம் என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம், “மேனுவல் என்ன சொல்லுதோ அத ஊத்துங்க, ஒங்க புத்திசாலித்தனத்த ஊத்தாதீங்க” என்று சொல்லிச் சொல்லியே எனக்கு நரை விழுந்தது. ஆனால் நான்குக்கு மேல்தானே ஐந்து? இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் முதல் வகுப்பில் இடம் கிடைத்த மாதிரி என் கியர்பாக்ஸ் மகிழும் என்று நினைத்தேன். ஊற்றிவிட்டு, சும்மாவே ஆற்றுப்பாலம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தேன். அருமையாக இருந்தது.

2. கால் ஆராய்ச்சி

என் மனைவி பத்மா கல்லிடைக்குறிச்சியில் கணக்கு டீச்சர். இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறவள், லைசென்ஸ் எடுத்து காரிலேயே போவதென்று முடிவு செய்து, என்னிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள். நான் ஆயில் மாற்றிய பிறகு சீவலப்பேரி ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டாவது கியருக்கு வரும்போது ‘கர்ர்ர்’ என்றது.

“கிளட்ச்ச முழுசா மிதிச்சியா?”

“மிதிச்சேன்.”

“மிதிச்சா சத்தம் ஏன் வருது?”

“நீங்கதான கியர்பாக்ஸ் டாக்டரு. நீங்க சொல்லுங்க.”

சொன்னேன். கால் குட்டை என்றேன். சீட்டை முன்னால் தள்ளினேன். செருப்பு வழுக்குகிறது என்றேன். கேன்வாஸ் ஷூ வாங்கினாள். சீட்டை இன்னும் தள்ளினேன். ஸ்டியரிங்குக்கும் அவளுக்கும் நடுவே ஒரு பஞ்சாங்கம்கூடச் சொருக முடியாத நிலை வந்தது. சத்தம் மட்டும் போகவில்லை. நான் ஓட்டினால் சத்தமே வராது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

வியாழக்கிழமை டெஸ்ட். முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, வயல் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு பத்மா சொன்னாள்:

“டெஸ்டுல இந்தச் சத்தம் வந்துச்சுன்னா எல்எல்ஆர கிழிச்சுப் போட்டுட்டு பஸ்லயே போயிருவேன். பிறவு காரு ஓட்டுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது.”

அவள் அப்படிச் சொன்னால் செய்துவிடுவாள். எனக்குப் பயம் வந்தது.

“எறங்குங்க. நீங்க ஓட்டுங்க. நான் ஒங்க காலப் பாக்கேன்” என்றாள்.

ஓட்டினேன். மூன்றிலிருந்து இரண்டு. சத்தமில்லை. ஒரு பார்வை பார்த்தேன்.

“இன்னொருக்க போடுங்க.”

போட்டேன்.

“நீங்க ரெண்டு தரம் மிதிக்கீங்க.”

“என்னது?”

“ஒரு கியருக்கு ரெண்டு மிதி. எனக்கு மட்டும் ஒண்ணுன்னு சொல்லித் தந்திருக்கீங்க. இது எந்த ஊரு கணக்கு?”

நான் ஓட்டப் பழகியது ஒரு கிழட்டு லாரியில். அதில் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்தால்தான் கியர் விழும். டபுள் கிளட்ச் என்போம். இன்றைய காருக்கு அது தேவையில்லை. ஆனாலும் என் கால் என்னைக் கேட்காமலே அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

“ஒரே ஒரு தரம் மிதிச்சுப் போடுங்க பாப்போம்.”

போட்டேன். கர்ர்ர்ர். வயலில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன.

பத்மா பறவைகள் இறங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்: “இது யாரு காலு?”

3. பித்தளைக்கு வழுக்கல் ஆகாது

கியர்பாக்ஸுக்குள் சிங்க்ரோ என்று பித்தளை வளையங்கள் உண்டு. கியர் மாறும்போது அவை பல்சக்கரத்தைக் கொஞ்சம் உரசிப் பிடித்து, வேகத்தைச் சமப்படுத்திக் கொடுக்கும். பிடிக்க உரசல் வேண்டும். ஜிஎல்-5 பெரும்பாலும், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பெரும் பாரத்துக்காகச் செய்தது. பல கார்களில் அந்த வளையத்துக்கு அது வழுக்கல் அதிகம். போதாததற்கு, சில ஆயில்களில் உள்ள கந்தகம் நாளடைவில் பித்தளையையும் தின்னும். வளையம் செய்யாமல் விட்ட வேலையை என் இரண்டாவது மிதி செய்து மூடி மறைத்திருக்கிறது. ஒழுங்காக ஓட்டியவளிடம் மட்டும் வண்டி உண்மையைச் சொல்லியிருக்கிறது.

அன்றைக்கே பட்டறையைத் திறந்தேன். முதலில் மேலே ஊற்றுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு, பிறகுதான் கீழே வடிக்கிற பிளக்கைத் தொட வேண்டும். மாற்றிச் செய்து, மேல் பிளக் திறக்காமல் காலி கியர்பாக்ஸோடு உட்கார்ந்து அழுதவர்களை அறிவேன். வடிந்த ஆயிலில் பித்தளைத் தூள் லேசாக மின்னியது. லேசாகத்தான், பிழைத்தோம். மேனுவல் சொன்ன அதே ஜிஎல்-4, கெட்டித்தன்மையும் அதே 75டபிள்யூ-80, மேல் துவாரத்தில் வழியும் வரை ஊற்றினேன்.

பத்மா ஓட்டினாள். முதல் வேகத்தடையில் ஒரு முனகல். அடுத்ததில் அதுவும் இல்லை. அதற்கப்புறம் இரண்டாவது கியர் அல்வா மாதிரி இறங்கியது. இந்த ஊர்க்காரன் வேறு உவமை சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவள் சிரித்தபடி வேகத்தடைகளைத் தேடித் தேடிப் போனாள். சீட்டையும் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

வியாழக்கிழமை எட்டு போட்டு, ரோட்டிலும் ஓட்டிக் காட்டி, பாஸ் ஆனாள். நான் மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

மீதி ஜிஎல்-5ஐ சாதிக் பாய் தம்பியின் லோடு வேன் டிஃபரன்ஷியலில் ஊற்றினேன். அதற்கு அதுதான் சரியான ஆயில். வேன் சுகமாக ஓடுகிறது. கற்றுக்கொண்டது இதுதான்: ஆயிலில் உசத்தி தாழ்ச்சி கிடையாது, பொருத்தம்தான் உண்டு. வாடிக்கையாளர் சத்தம் வருகிறது என்றால், அவர் ஓட்ட, நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

லைசென்ஸ் கையில் வந்ததும் பத்மா முதன்முதலாகப் பள்ளிக்குக் காரை எடுத்தாள். துணைக்கு நான் போனேன். திரும்பி வந்து நேரே பட்டறைக்குப் போகவேண்டும் என்பதால் கிரீஸ் சட்டையோடே உட்கார்ந்திருந்தேன். கல்லிடைக்குறிச்சி வரை ஒரு சத்தம் இல்லை. பள்ளி வாசலில் அவள் இறங்க, பெருமை தாங்காமல் நானும் இறங்கி நின்றேன். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் என் சட்டையைப் பார்த்தார்.

“என்ன டீச்சர், வண்டி அம்புட்டு மோசமா? மெக்கானிக்க கூடவே வச்சு ஓட்டிட்டு வாரீங்க!”