புருவம் தூக்கிய மாதா

பச்சை குத்திக்கொள்ளப் பெகீதிடம் கை நீட்டாதவர்கள் அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களில் குறைவு. மினியா ஊருக்கு நேரே நைலின் எதிர்க்கரையில், மலைமேல் மாதா கோயிலில் ஆகஸ்டுத் திருவிழா கூடினால், படிக்கட்டிலிருந்து நாலாவது கடை அவனுடையது. குழந்தைகளுக்கு மணிக்கட்டில் சிலுவை, அரை நிமிஷ வேலை. பெரியவர்கள் கேட்பது குதிரைமேல் வரும் புனிதர் மார் கிர்கிஸ், இல்லையென்றால் மாதா. கிர்கிஸின் குதிரையை வண்டிக் குதிரைகளைப் பார்த்துப் பழகினான். அவர் ஈட்டியால் குத்தும் பாம்புக்கு நைல் கெளுத்தியின் மீசையை வைத்தான். மாதாவின் முகம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அவன் மனைவி தமியானா குவைத்தில் நர்ஸ். போய் ஒன்பது வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. மீதி நாளெல்லாம் போனில் அவள் குரல் மட்டும்.

அந்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் திருவிழாவுக்கே வந்தாள். மலைக்குப் போகிற வேனில் பக்கத்து இருக்கையில் ஒரு கல்குவாரிக்காரன், தலையெல்லாம் வெள்ளைத் தூசி. அவன் முன்கையில் மாதா. இடது புருவம் லேசாகத் தூக்கியிருந்தது. தமியானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மறுபடி பார்த்தாள்.

“தம்பி, இது யாரு?”

“என்னக்கா கேள்வி இது? மாதாதான்.”

“புருவம் ஏன் இப்படி?”

“பெகீத் போட்டா அப்படித்தான். எங்க குவாரியில ஏழு பேரு கையில இதே முகம். நாம பண்ணினதையெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, ‘அப்படியா?’ன்னு கேக்குற மாதிரி இருக்கும். எங்க மேஸ்திரி இதைப் போட்டப்புறம் சிகரெட்டையே விட்டுட்டாரு.”

அவள் கடைக்குப் போனபோது பெகீத் ஒரு பெண்ணின் கைமேல் குனிந்திருந்தான். நிமிர்ந்தவன் மெஷினை நிறுத்த மறந்தான்.

“எந்திரிக்காதே. அந்தப் பொண்ணுக்கு முடிச்சுக் குடு,” என்றாள் தமியானா.

முடித்ததும் சொன்னாள்: “ஏழு பேரு கையில நான் உக்காந்திருக்கேனாமே.”

அவனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கியதும் படநோட்டை எடுத்துப் புரட்டினான். பக்கத்துக்குப் பக்கம் அவள்.

“சத்தியமா எனக்குத் தெரியாது. கை அதுவாப் போயிருக்கு.”

“அங்க நான் யார் யார் அப்பன் ஆத்தாளையோ குளிப்பாட்டிக்கிட்டுக் கெடக்கேன். இங்க என்னை மாதாவாக்கி வச்சிருக்கியா? என் மேல ஒரு நாளாவது கோவப்பட்டியா நீ?”

“தெனமும்,” என்றான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து மை துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தாள். திருவிழா முடியும்வரை அங்கேதான் இருந்தாள். “இப்ப இருக்குற என்னைப் பார்த்துப் போடு,” என்றாள். கன்னம் தளர்ந்திருந்தது, மூக்கின் இரு பக்கமும் கண்ணாடித் தழும்பு. காகிதத்தில் அது வந்தது. தோலில் ஊசி இறங்கினால் மட்டும், ஒன்பது வருஷத்துக்கு முன் ரயிலேறிப் போன இளம்பெண்ணே வந்து நின்றாள். தமியானா பார்த்தாள், அடுத்த துணியை எடுத்துக் கொடுத்தாள்.

கடைசி நாள் கேட்டாள்: “உன் கையில இருக்குறாளே அவ, எப்ப போவா?”

“நீ வந்து தங்கினா போயிடுவா.”

“இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன், பெகீத்.”

அவன் ஊசியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

செப்டம்பரில் அவள் போனாள். நவம்பரில் இன்னொரு குவாரிக்காரன் மாதா கேட்டு வந்தான். வேலை முடிந்து ரத்தத்தைத் துடைத்தபோதுதான் பெகீத் பார்த்தான்: தளர்ந்த கன்னம், மூக்கில் தழும்பு, எதையும் கேட்காத புருவம்.

“என்னண்ணே, மாதாவுக்கு வயசாயிடுச்சு?” என்றான் வந்தவன்.

“அவளுக்கும் வேலை ஜாஸ்திடா.”

போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். மறுநாள் மத்தியானம் போனில் குரல் பதிவாகப் பதில் வந்தது. பின்னால் யாரோ கிழவி இருமிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் போட்டிருக்கே. ஆனா நான் இப்ப இளைச்சுட்டேன்.”

எவ்வளவு இளைத்தாள் என்று கேட்க அவன் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வேலையில் இருந்திருப்பாள்.