தம்பியின் முறை

கிரேக்கத்துப் பழங்கதை ஒன்றை மகள் பள்ளிக்கூடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். அரசனின் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு வருடம் ஆள்வதாகப் பேசிக்கொள்கிறார்கள். முதலில் ஏறியவன் இறங்க மறுக்கிறான். சண்டையில் இருவரும் சாகிறார்கள். ஒருவனை அடக்கம் செய்யக் கூடாது என்று புது அரசனின் கட்டளை. சகோதரி மட்டும் போய்ப் பிணத்தின் மேல் ஒரு பிடி மண் போடுகிறாள். "சில்லி பீப்பிள், அம்மா," என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் கதையும் அதுதான், சிம்மாசனம்தான் இல்லை.

லண்டன் கோயிலின் வருடாந்தத் திருவிழாவில் ஒரு நாளை அப்பா தன் செலவில், தன் உபயமாக எடுத்து நடத்திவந்தார். அவர் போனபின் அண்ணையும் தம்பியும் வருடம் மாறி வருடம் செய்வதாக ஒத்துக்கொண்டார்கள். முதல் வருடம் அண்ணை செய்தார். அடுத்த வருடமும் அவரே பட்டுவேட்டியும் முறுக்கிய மீசையுமாக முன்னால் நின்றார். "மூத்தவன் நான் இருக்கேக்கை இவன் ஆர்?" என்றார். அதன்பின் லண்டனின் ஒரு மூலையில், கோலியர்ஸ் வுட்டில் அண்ணை குடும்பம்; மறு மூலையில், செவன் கிங்ஸில் தம்பி குடும்பம். நடுவில் நான், இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு. அவர்களின் பிள்ளைகள் ரயிலில் எதிரெதிரே இருந்தாலும் போனைத்தான் பார்ப்பார்கள்.

பல வருடம் இழுபட்டு, இந்த முறைதான் திருவிழா தம்பி கைக்கு வந்தது. நாள் நெருங்கும்போது அண்ணை மாரடைப்பில் போய்விட்டார். கூடப்பிறந்தவன் செத்தால் துடக்கு. ஒரு மாதம் கோயில் வாசலை மிதிக்க முடியாது. தம்பி போனில் சொன்னான்: "எனக்கு அண்ணை எண்டு ஒருத்தரும் இல்லை, அக்கா. துடக்கும் இல்லை. நான் திருவிழா செய்யிறன். நீங்கள் செத்தவீட்டுக்குப் போனால் என்ரை வாசலுக்கு வராதேங்கோ."

"நீயெல்லாம் ஒரு மனுசனோ?" என்று கத்திவிட்டு வைத்தேன்.

தகனத்துக்குக் கிடைத்த நாளும் அந்தத் திருவிழா நாளாகவே அமைந்தது. பெண்கள் வரிசையில் நின்று வாய்க்கரிசி போட்டோம். என் பிடியைப் போட்டபின் இன்னொரு பிடி அள்ளினேன்.

"அது ஆருக்கு?" என்று அண்ணையின் மனைவி கேட்டார்.

"தம்பியின்ரை, மச்சாள்."

"அவன்ரை அரிசி இவருக்கு வேண்டாம்," என்றார். நான் போட்டேன். யார் தடுத்தாலும் போட்டிருப்பேன்.

தலை முழுகாமல், துடக்கோடு அப்படியே செவன் கிங்ஸுக்குப் போனேன், வேண்டுமென்றுதான். தம்பி பட்டுவேட்டியும் திருநீறும் மீசையில்லாத முகமுமாகக் கதவைத் திறந்தான். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. என் கால்களைப் பார்த்தபடியே கேட்டான்:

"அண்ணையின்ரை முகம் எப்பிடி இருந்தது?"

"மீசையை வழிச்சுப்போட்டினம்," என்றேன். "உன்ரை முகம்தான்."