இரண்டு சிவப்பு வட்டங்கள்

திரையை இழுத்து மூடுகிறார், விளக்கை அணைக்கிறார், பேனா டார்ச்சை முதலில் தன் உள்ளங்கையில் அடித்துப் பார்க்கிறார். பிறகுதான் நோயாளியின் கண். எடுத்த எடுப்பில் நேரே அடிக்க மாட்டார். பக்கவாட்டிலிருந்து, பூனை நுழைகிற மாதிரி வெளிச்சம் வரவேண்டும். ஒரு கண்ணில் பட்டால் இரண்டு கண்மணிகளும் சேர்ந்து சுருங்க வேண்டும். "ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. ஒண்ணைக் கிள்ளினா ரெண்டும் அழணும்" என்பார் அந்த நரம்பியல் டாக்டர். வார்டில் அவருக்கு டார்ச்சக்கா என்று பெயர். அவருக்கும் தெரியும்.

நல்ல சேதியை ஒரே தடவையில் நம்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. "கெட்டதை ஒரு தடவை பார்த்தா ஓடணும். நல்லதை ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் உக்காரணும்."

யார் பேசினாலும் கண்ணையே பார்ப்பார். கேட்கிறாரா, அளக்கிறாரா என்று சொல்ல முடியாது. "முதல் தடவை பேசினப்ப வெச்ச கண் வாங்காம பார்த்தா. ஆஹா, நம்மகிட்ட விழுந்துட்டா போலன்னு நினைச்சேன். ரெண்டும் சமமா இருக்கான்னு பார்த்திருக்கா!" என்கிறார் கணவர்.

"சமமா இருந்துச்சு. அதான் பொழைச்சுப் போகட்டும்னு கட்டிக்கிட்டேன்."

போன வாரம், ஏணியிலிருந்து விழுந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். முதல் ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாள் மதியம் தூக்கம் கூடியது. இடது கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு மசியாமல் நின்றது. டாக்டர் ஓடினார். புது ஸ்கேனில், மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் செய்து திறந்தாக வேண்டும்.

எலக்ட்ரீஷியனின் தாயார் திரையைப் படாரென்று விலக்கினார். "பட்டப்பகல்ல எம்புள்ளைய எதுக்கு இருட்டுல போடறீங்க? ரத்தம் தானா கரையும். கண்ணு அவனுக்குப் பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். தலையில கை வைக்க விடமாட்டேன்."

கட்டிலருகே நின்ற மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

டாக்டர் வாதாடவில்லை. மருமகளிடம், "ஃபிளாஷ் போட்டு எடுத்த படம் இருக்காம்மா? நல்லா வராததா பாரு" என்றார்.

"ஒண்ணு இருக்கு டாக்டர். கண்ணு செவந்து பேய் மாதிரி இருக்கேன், அழிச்சுடுன்னார். சண்டை வந்தா காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

கறுத்த விழியில் கண்மணி எதுவென்று படத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் ஃபிளாஷ் வெளிச்சம் கண்மணி வழியே உள்ளே போய்ச் சிவப்பாகத் திரும்பி வரும். டாக்டர் படத்தை விரலால் பெரிதாக்கினார். இரண்டு சிவப்பு வட்டங்கள், அச்சில் வார்த்த மாதிரி சமமாக. போனைத் தாயாரின் கையில் வைத்தார்.

"நீங்களே பாருங்கம்மா. இப்ப ஒரு கண்ணு விரிஞ்சு நிக்கறது பொறவியில வந்ததில்ல, இன்னிக்கு வந்தது. நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் இங்கயே நிப்பேன். உள்ள இருக்கற ரத்தம் நிக்காது."

தாயார் அந்தப் பேய்க் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்மா. கூட்டிட்டுப் போ."

மறுநாள் காலை, தலையில் கட்டோடு மகன் கிடந்தான். டாக்டர் கை நீட்டுமுன் தாயாரே திரையை இழுத்து மூடி, அதன் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் ஒரு மினுக்கல். பிறகு இடது கண். கண்மணி யோசித்தது. யோசித்து, சுருங்கியது.

டாக்டர் உட்காரவில்லை. டார்ச்சை அணைத்தார். தாயாரின் தோளைப் பற்றி இழுத்து, தன் கன்னத்தோடு அவர் கன்னம் இடிக்க மகனின் கண்ணருகே குனியவைத்து, மறுபடி வெளிச்சம் அடித்தார்.