மருமகளுக்கு ஓர் ஊக்கு

சஷ்டி மாலை. கொல்கத்தாவில் நம் லேக் கார்டன்ஸ் குடியிருப்பின் பூஜைப் பந்தலில், துர்க்கையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கப்போகும் நேரம். மாடிவீட்டுக் கோமதி அக்காவின் கணவர் போனில் அழைத்தார். "அவ போயிட்டாம்மா. உக்காந்தவ எந்திரிக்கவே இல்ல." மத்தியானம்தான் அக்கா என்னிடம், "ஏட்டி, நாளைக்கு விடியமுன்ன ரெடியா இரு, மருமவளுக்குச் சேலை கட்டணும்" என்று சொல்லியிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். துணி விலகியது, பெண்கள் குலவையிட்டார்கள். எனக்கு அம்பாள் மேல் கோபம் கோபமாக வந்தது.

அக்காவின் மருமகளை உங்களில் பலருக்குத் தெரியும். சப்தமி விடியலில் ஒரு வாழைக்கன்றைக் கங்கையில் குளிப்பாட்டி, சிவப்புக்கரைச் சேலை கட்டி, பிள்ளையார் பக்கத்தில் நிறுத்துவார்களே, அவள்தான். பிள்ளையாரின் மனைவி என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். கணவரின் மாற்றலில் திருநெல்வேலியிலிருந்து வந்த முதல் வருடச் சப்தமியன்று, அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினாள். "எங்க பிள்ளையாரு ஆத்தங்கரையில ஒத்தையில உக்காந்திருக்காரு. யாரைக் கேட்டு இங்க கட்டிவச்சாங்க?"

அன்றே, படித்துறையிலிருந்து திரும்பும் வழியில் கன்றின் சேலை நழுவியது. புரோகிதர் கையைப் பிசைந்தார். அக்கா தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, கொசுவத்தை மடித்துக் குத்தினாள். "மருமவளா வந்துட்டா. நாலு பேரு முன்னால சேலை நழுவ விடலாமா?" அதன்பின் ஒவ்வொரு வருடமும் அந்தச் சேலை அவள் பொறுப்பு. மடிப்பைப் பிடிக்க நான். ஊக்குக் குத்த அவள்.

மகள் வந்துசேரக் காத்திருந்ததால் சப்தமி விடியலிலும் அக்கா மாடியில்தான் கிடந்தாள். படித்துறைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கணவர் வாசலுக்கு வந்தார். "போம்மா. நீ போகலன்னா அவ உன்னைத்தான் ஏசுவா." தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன்.

கன்றுக்குக் கொசுவம் மடித்தேன். மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஊக்கு" என்று பின்னால் கையை நீட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு பௌதி, எங்கள் வங்காளி அண்ணி, தன் தோளில் குத்தியிருந்ததைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் ஊக்கு வைத்துக்கொண்டதே இல்லை. அக்கா இருக்கும்போது எனக்கு எதற்கு?

இப்போது என் தாலிக்கொடியில் இரண்டு ஊக்குகள் தொங்குகின்றன. ஒன்று எனக்கு. மற்றது அவள் மருமகளுக்கு.